அம்பு ஒட்டாத பீஸ்

பட்டியலில் நான்காவது பெயரைப் படித்ததும் நாச்சிமுத்துவின் கையிலிருந்த டீ, நடுவர் மேசையின் வெள்ளைத் துணியில் கொட்டியது.

"பார்த்துங்கண்ணா!" குணா ஓடிவந்து கைக்குட்டையால் துடைத்தான். "டீ சூடா இருக்குதுங்களா?"

"டீ கெடக்குது உடு கண்ணு. இந்த நாலாம் நம்பரு... கந்தப்பன், பலகுரல்னு போட்டிருக்குதே, எந்தக் கந்தப்பன்?"

"நம்ம மண்ணரைக் கந்தப்பண்ணன்தானுங்க. ஓவர்லாக் மெஷின்ல துணி ஓரம் அடிக்கற டெய்லரு."

நாச்சிமுத்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எனக்கு வயித்தைக் கலக்குது. நான் ஊட்டுக்குப் போறேன்."

"பாத்ரூம் பின்னாலயே இருக்குதுங்க. போயிட்டு வந்து உக்காருங்க."

போட்டியை நடத்துகிற குணா, பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப், லேபிள் விற்கிறவன். பச்சைப் பட்டன் கேட்ட பார்ட்டிக்கு நீலப் பட்டனை விற்று, நன்றியும் வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு, ஓடப் பார்க்கிற நடுவரைப் பிடித்து உட்கார வைப்பது ஒரு வேலையா? தோளில் கை வைத்து அழுத்தினான். நாச்சிமுத்து உட்கார்ந்துவிட்டார்.

"வெளிய பிளெக்ஸ் பார்த்தீங்கல்லண்ணா? உங்க மொகம் மட்டும் ஆறடி. உங்களுக்காகத்தான் பாதிக் கூட்டம் வந்திருக்குது."

பிளெக்ஸை அவர் பார்த்துவிட்டுத்தான் வந்தார். 'தொழிலாளர் பல்சுவைக் கலைப் போட்டி. நடுவர்: குற்றம் கண்டுபிடிப்பதில் கொங்குச் சிங்கம், செக்கிங் நாச்சிமுத்து' என்று இருந்தது. பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்தச் சிங்கம் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

போட்டி நடக்கிற வேலவன் டாக்கீஸ் மண்ணரைக்காரர்களுக்குத் தெரிந்த இடம்தான். முதலில் நாடகக் கொட்டகை, அப்புறம் சினிமா, அப்புறம் பூட்டு. சினிமா நாட்களிலும் வருஷத்துக்கு ஒருமுறை திரையைச் சுருட்டிவிட்டு மேடையில் ஆட்டம் பாட்டமெல்லாம் நடக்கும். இப்போது ஒரு நூல் வியாபாரி இதைக் குடோனுக்கு எடுத்திருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நூல் மூட்டை ஏற்றிய லாரி மத்தியானம் இரண்டு மணிக்கே வந்து வாசலில் நின்றுவிட்டது. அதற்குள் நான்கு ஆட்டம், மூன்று பொன்னாடை, ஒரு பரிசு என்று குணாவின் கணக்கு. முதல் பரிசு டேபிள் டாப் கிரைண்டர். மேடை ஓரத்தில் ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள்.

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பத்துநாலு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற துணியை மேசையில் விரித்து, இரண்டு பக்கமும் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. குறை இருக்கிற இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டவேண்டும். அம்பைப் பார்த்து டெய்லர் அதைச் சரிசெய்து அனுப்புவார். அந்த ஸ்டிக்கர் ரோல் எப்போதும் நாச்சிமுத்துவின் சட்டைப் பையில் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

தன்னிடம் வேலை பார்க்கிற பெண்களுக்கு அவர் வாரம் ஒரு தடவை ஒரே பாட்டைப் பாடுவார். "அம்பு இல்லாம ஒரு பீஸு வருதுன்னா ரெண்டே காரணந்தான் கண்ணு. ஒண்ணு, அது சுத்தமா இருக்கோணும். இல்லீன்னா, அதைப் பாக்காமயே நீ தூக்கிப் போட்டிருக்கோணும். மொதலாவது ஆயிரத்துல ஒண்ணு. ரெண்டாவது பண்ணுனா, வேலைக்கு நாளைக்கு வர வேண்டாம்."

வீட்டிலும் இதே கதைதான். ஒரு நாள் தோசை ஓரத்தில் கருகியிருந்தது. பேசினால் சண்டை வருமென்று பேசாமல் ஒரு அம்பை ஒட்டித் தட்டைத் திருப்பி அனுப்பினார். மனைவி நல்லம்மாள் அதற்கப்புறம் நான்கு நாள் சமைக்கவில்லை. இன்றைக்குக் கிளம்பும்போதும், "அங்க போயாச்சும் யாரு மேலயும் அம்பு ஒட்டாம வாங்க சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டுத்தான் அனுப்பினாள்.

அவள் கும்பிட்டதில் அர்த்தம் இருந்தது. கந்தப்பன் கதை அவளுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே டாக்கீஸில், இதே மாதிரி ஒரு போட்டி. வரவேண்டிய நடுவர் வராமல் போனதால், முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவைப் பிடித்து மேசையில் போட்டார்கள். கந்தப்பன் அப்போது மேடைக் கலைஞர். கோயில் நோம்பி, கல்யாணம், காதுகுத்து என்று அவிநாசி வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அவர் ஒரு பனியன் கம்பெனியின் முழுநாளையும் வாயாலேயே செய்தார். காலைச் சங்கு, ஷட்டர் தூக்குவது, சூப்பர்வைசர் இருமல், வரிசையாக மெஷின் ஓடுவது, நூல் அறுவது, டீக்கடைக்காரர் வருவது எல்லாம். கொட்டகையே எழுந்து நின்று கை தட்டியது.

நாச்சிமுத்து மட்டும் தட்டவில்லை. பத்துக்கு நாலு போட்டார். அத்தோடு விட்டாரா? மார்க் ஷீட்டில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, 'நூல் அறுந்த பின்னும் ஓவர்லாக் மெஷின் அதே சத்தத்தில் ஓடுகிறது. டெய்லர் பெடலிலிருந்து காலை எடுத்தால் நிற்க வேண்டும்' என்று எழுதினார். அதை யாரோ ஒரு புண்ணியவான் மைக்கில் படித்துவிட்டான். சற்றுமுன் கைதட்டிய அதே கொட்டகை இப்போது கந்தப்பனைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு மார்க்கில் பரிசு போனது. கந்தப்பன் அந்த மார்க் ஷீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஆறு மாதம் கழித்து ஒரு கம்பெனிக்கு, குறை சரிசெய்த ஆல்டர் பீஸ் வாங்கப் போன நாச்சிமுத்து, அங்கே தையல் வரிசையில் ஒரு ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார். கந்தப்பன். மேடையை விட்டுவிட்டாராம். கூப்பிட்டாலும் போவதில்லையாம். நாச்சிமுத்து பீஸை வாங்காமலே திரும்பி வந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் பஸ்ஸில் கந்தப்பன் முன்வாசலில் ஏறினால் இவர் பின்வாசலில் இறங்கிவிடுவார். டீக்கடையில் கந்தப்பன் தலை தெரிந்தால் இவருக்கு டீ வேண்டாம். மேடையில் நின்ற மனுசனை ஒரு இத்துனூண்டு ஸ்டிக்கரால் மெஷினில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டோமே என்று இருபத்திரண்டு வருஷமாக மனசு அறுத்துக்கொண்டிருந்தது.

"அது சரி கண்ணு, கந்தப்பன் இத்தனை வருசங் கழிச்சு எதுக்கு மேடையேறுறாரு?" என்று குணாவிடம் கேட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க! நடுவரா நாச்சிமுத்துவைப் போட்டாத்தான் வருவேன்னு ஒரே நிலையா நின்னுட்டாருங்க. இல்லாட்டி நான் எதுக்குங்க உங்களை..." குணா நாக்கைக் கடித்துக்கொண்டான். "நாங்களும் உங்களைத்தான் நெனச்சிருந்தோம்னு வைங்க."

நாச்சிமுத்துவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தார். கூட்டத்துக்கு முன்னால் வைத்துப் பழி தீர்க்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். மைக்கைப் பிடித்து, 'இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இவர்தான் என் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவர்' என்று கையை நீட்டப் போகிறார். நீட்டட்டும். நீட்டினால் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் தன்னால் ஆனதைச் செய்துவிட வேண்டும். கந்தப்பனுக்குப் பத்துக்குப் பத்து போட்டு, அந்தக் கிரைண்டரைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட வேண்டும். வேறு வழியில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நாச்சிமுத்து தன் வாழ்நாளில் எதற்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. திடீரென்று ஒருவருக்கு மட்டும் போட்டால் சந்தேகம் வரும். பக்கத்து நாற்காலியில் இன்னொரு நடுவர் இருந்தாள். பெயர் யாழினி. ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். இவர் செக்கிங்கில் திருப்பி அனுப்பிய சரக்குக்காக வெளிநாட்டுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவள். அவளுக்குத் தெரியாதா இவர் கை? அதனால் முதல் ஆட்டத்திலிருந்தே எல்லோருக்கும் ஒன்பது போட்டுவிடுவது, கந்தப்பனுக்கு மட்டும் பத்து என்று முடிவு செய்தார். யோசித்தபோது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

முதலில் பேக்கிங் செக்‌ஷன் ரங்காத்தாள் வந்தாள். தலையில் ஒன்பது டிபன் கேரியரை அடுக்கிக்கொண்டு ஆடுவதாக ஏற்பாடு. ஐந்தாவதை வைக்கும்போதே எல்லாம் சரிந்து, ஒன்றிலிருந்து நிஜமாகவே ரசம் கொட்டியது. ரங்காத்தாள் அசராமல் ரசத்தின் மேல் ஆடி முடித்தாள்.

நாச்சிமுத்து ஒன்பது போட்டார்.

யாழினி பென்சிலால் நாலு போட்டு வைத்திருந்தவள், எட்டிப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனாள். "அண்ணா... ஒன்பதுங்களா?"

"ஆமா கண்ணு. அந்தம்மா தைரியத்துக்கு."

"நீங்களே ஒன்பது போட்டீங்கன்னா, எனக்குத்தான் பாக்கத் தெரியலை போலிருக்குதுங்க." நாலை அழித்துவிட்டுப் பத்து போட்டாள்.

குணா மைக்கில், "ரங்காத்தாள் அவர்கள் இருபதுக்குப் பத்தொன்பது!" என்று அலறி, பலகையில் எழுதினான். கொட்டகை குழம்பிப்போய்க் கை தட்டியது.

இரண்டாவது மேஜிக் கன்னையன். இலாஸ்டிக் கம்பெனியில் வேலை. வாயிலிருந்து நாற்பது மீட்டர் இலாஸ்டிக்கை இழுப்பேன் என்று சொல்லி, பதினைந்து மீட்டரில் சிக்கிக்கொண்டு, பக்கவாட்டில் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியை இழுத்தார். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது போட்டார். யாழினி பத்து. மூன்றாவது, ஒடிசாவிலிருந்து வந்து சாய ஆலையில் வேலை பார்க்கிற எட்டுப் பேரின் ஆட்டம். உண்மையாகவே பிரமாதம். ஒன்பது, பத்து.

பலகையில் மூன்று பத்தொன்பதுகள் வரிசையாக நின்றன.

"அண்ணா," யாழினி குனிந்து காதில் சொன்னாள், "எல்லாத்துக்கும் பத்துப் போட்டா எங்க மேனேஜர் சிரிப்பாருங்க. முன்வரிசையில உக்காந்து எல்லாத்தையும் பார்த்துட்டு இருக்கறாரு. அடுத்தது எவ்வளவு நல்லா இருந்தாலும் நான் எட்டுதான்."

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணினார். தன்னுடைய பத்தும் அவளுடைய எட்டும் பதினெட்டு. கந்தப்பன் ஒரு மார்க்கில் தோற்பார். போன தடவை இரண்டு மார்க், இந்தத் தடவை ஒன்று. இரண்டு தடவையும் நடுவர் நாச்சிமுத்து.

"ரீசெக்கிங்!" என்று கத்தினார்.

"என்னங்கண்ணா?"

"பாக்ஸு போட்ட சரக்கையே பிரிச்சுப் பாக்கறதில்லையா? மொத மூணையும் மறுபடி பாக்கோணும். எனக்கு இப்பத்தான் குறையெல்லாம் தெரியுது." தன்னுடைய மூன்று ஒன்பதுகளையும் அடித்து ஆறாக்கினார். யாழினி பெருமூச்சு விட்டு, பழைய நாச்சிமுத்து திரும்பி வந்துவிட்ட நிம்மதியில், தன்னுடைய மூன்று பத்துகளையும் ஐந்தாக்கினாள்.

"மறு பரிசீலனையில் மூவருக்கும் பதினொன்று!" என்றான் குணா, பலகையை அழித்துக்கொண்டே.

பனியன் கம்பெனியில் பாஸான சரக்கை ரிஜெக்ட் செய்தால் சரக்கு சண்டைக்கு வராது. இங்கே வந்தது. ரங்காத்தாள் ரசம் காயாத காலோடு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க, அப்பப் பார்த்த கண்ணு வேற, இப்பப் பாக்கற கண்ணு வேறயா?" ஒடிசாக்காரர்களில் ஒருவர், "சார், நம்பர் க்யோன் காட்டா?" என்று, மார்க்கை ஏன் குறைத்தீர்கள் என்பதை இந்தியில் கேட்டார். நாச்சிமுத்துவுக்கு இந்தியில் தெரிந்தது ஒரே வார்த்தை, நூலுக்கு அவர்கள் சொல்லுகிற வார்த்தை. பயத்தில் அதையே சொன்னார். "தாகா... தாகா." எட்டுப் பேரும் தங்கள் சட்டைகளைத் திருப்பித் திருப்பி, எங்கே நூல் தொங்குகிறது என்று தேட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. யாரோ ஓடிப்போய் வாசல் ஜெனரேட்டரைப் போட்டார்கள். மேடை விளக்கும் மைக்கும் மட்டும் வந்தன.

இருட்டில் ஒரு கை நாச்சிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்தது. மேஜிக் கன்னையன். "வெளிய வாங்க. என்ற இலாஸ்டிக்குல ஒரே ஒரு முடிச்சைக் காட்டீருங்க, நான் இந்தத் தொழிலையே உட்டுப்போடறேன்."

"ஏனுங்க, அடுத்த ஆட்டம்..."

"அதுக்குள்ள வந்துருலாம். இந்த முனையைப் புடிங்க."

தொழிலை விட்டுவிடுகிறேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் நாச்சிமுத்து இலாஸ்டிக் முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இன்னொருத்தரா? வேண்டவே வேண்டாம். கன்னையன் பின்னால் போனார். வெளி வராந்தாவில், பழைய டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, கன்னையன் நாற்பது மீட்டர் இலாஸ்டிக்கையும் மீட்டர் மீட்டராக அவர் விரல் வழியே உருவவிட்டார். உருவினதை எங்கே போடுவது என்று தெரியாமல் நாச்சிமுத்து தன் தோளிலேயே சுற்றிக்கொண்டார். பக்கத்தில் ஜெனரேட்டர் காதைக் கிழித்தது. கனத்த கதவுக்கு அந்தப் பக்கம் கந்தப்பன் பெயரைக் கூப்பிட்டதோ, அவர் மேடை ஏறியதோ, எதுவும் இங்கே கேட்கவில்லை.

"முடிச்சு இருக்குதுங்களா?" கன்னையன் காதருகே கத்தினார்.

"இல்லீங்க! சுத்தமா இல்லீங்க! ஆறு தப்புங்க, உங்களுக்கு ஒன்பதேதானுங்க! என்னைய உடுங்க!"

இலாஸ்டிக்கைத் தோளில் சுமந்தபடியே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். மேடையில் கந்தப்பன் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். கொட்டகையில் கை தட்டல் அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தது.

நாச்சிமுத்து நாற்காலியில் விழுந்தார். "முடிஞ்சிருச்சா கண்ணு?"

"இப்பத்தாங்கண்ணா."

"என்னையப் பத்தி ஏதாச்சும் பேசுனாரா?"

"இல்லீங்களே. பனியன் கம்பெனி சத்தமெல்லாம் பண்ணுனாருங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு எடத்துல மெஷின் ஓடிட்டு இருக்கறப்ப டக்குனு நிறுத்திட்டாருங்க. மறந்துட்டாரு போலிருக்குது. ஒரு சத்தமும் இல்லை. நம்ம டேபிளையே பார்த்துட்டு நின்னாரு. வெளிச்சம் கண்ணுல அடிக்குதுல்ல, ஆளு இருக்கறதும் இல்லாததும் தெரிஞ்சிருக்காது. அப்பறம் மறுபடி ஆரம்பிச்சாரு."

அது கந்தப்பனின் கோபம்தான் என்று நாச்சிமுத்து எடுத்துக்கொண்டார். அவ்வளவு கோபம். பேச வந்து, பேச முடியாமல், காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து நின்றிருக்கிறார். இருந்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

மார்க் ஷீட்டை இழுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்து என்று எழுதினார். பழக்கமில்லாததால் பூஜ்யம் கோழிமுட்டையாக வந்தது. சட்டைப் பையிலிருந்த அம்பு ரோல் மேசையின் விளிம்பில் இடித்தது. அதை எடுத்து இலாஸ்டிக்கோடு சேர்த்து நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"அண்ணா, பத்தா!" யாழினி வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜரையும் மறந்து அவளும் பத்து போட்டாள்.

"முதல் பரிசு, இருபதுக்கு இருபது, கந்தப்பன்!" குணாவின் குரல் உடைந்தது. "கொங்குச் சிங்கத்தின் கையால் முதல் முறையாகப் பத்துக்குப் பத்து!"

மேடையில் கந்தப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது, பொன்னாடையின் முனை எது என்றே நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. எப்படியோ போர்த்திவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைவிரலில் ஊசி ஏறின தழும்பு தட்டுப்பட்டது.

"கந்தப்பண்ணா, அன்னைக்கி நான் பண்ணுனது பெரிய தப்புங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

கந்தப்பன் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. குணா நீட்டிய மார்க் ஷீட்டை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"ஏனுங்க, ஒண்ணுமே இல்லீங்களா?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுமே இல்லீங்க. சுத்தம்."

"எங்கயுமே?"

"எங்கயுமே இல்லீங்கண்ணா."

கந்தப்பன் நாச்சிமுத்துவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் கும்பிட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டார். கிரைண்டரை எடுக்கவில்லை. சந்தோஷத்தில் மனுசனுக்குக் கிரைண்டர்கூட மறந்துவிட்டது என்று நாச்சிமுத்து நினைத்தார். அவருக்கே அழுகை வந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது. நாளைக்குக் கந்தப்பன் முன்வாசலில் ஏறினால் தானும் முன்வாசலிலேயே நிற்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். இதைச் செய்ய ஏன் இத்தனை வருஷம் ஆனது என்றுதான் வருத்தமாக இருந்தது.

கொட்டகை காலியானது. நூல் லாரியைப் பின்னால் எடுத்து வாசலோடு ஒட்டி நிறுத்தி, மூட்டைகளை இறக்க ஆரம்பித்திருந்தார்கள். பிளெக்ஸை இரண்டு பேர் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து கிரைண்டரைத் தன் ஸ்கூட்டரின் பின்னால் வைத்துக் கன்னையன் விட்டுப்போன இலாஸ்டிக்காலேயே கட்டினார். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

அப்போது ரோட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மாள் வேகமாக வந்தாள். கந்தப்பனின் மனைவி மருதம்மாள்.

"வாங்க வாங்க, கிரைண்டரை உட்டுப்போட்டுப் போயிட்டாரு பாருங்க. கட்டி வெச்சிருக்கறேன். நானே கொண்டாந்து இறக்கறேன்."

"கிரைண்டருக்கு வரலீங்க." மருதம்மாள் மூச்சு வாங்கினாள். "அவரு பஸ் ஸ்டாப்புல நிக்கறாரு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமாம். மேடையில வெச்சுக் கேக்க வெக்கமா இருந்துச்சாம். என்னையப் போயிக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, கண்ணாடித் தாள் போட்டு ஒட்டிய பழைய மார்க் ஷீட். அதில் ஒட்டியிருந்த அம்பு வெளுத்து, சிவப்பா வெள்ளையா என்று சொல்ல முடியாமல் இருந்தது. நாச்சிமுத்து தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"கோவமாத்தான் இருப்பாரு," என்றார். "இருக்கோணும்தானுங்க. என்னால அவரு மேடையையே உட்டுப்போட்டு..."

"கோவமா? யாரு மேலீங்க?" மருதம்மாள் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். "நூலு அறுந்தா மெஷின் எப்படி நிக்கும்னு கூடவே இருந்து கேட்டுப் படிக்கத்தானுங்க அவரு ஓவர்லாக்குல போயி உக்காந்தாரு, அன்னைக்கி அத்தனை பேருல நீங்க ஒருத்தருதான் காது குடுத்துக் கேட்டீங்கன்னுதான் இன்னைக்கும் உங்களையே வரச் சொன்னாரு, அதனால அம்பு ஒட்டாட்டியும் பரவால்லீங்க, அந்த ஒரு எடத்துல மட்டும் சரியா நின்னுச்சான்னு சொல்லுங்க."